கபாபிளாங்காவுக்குப் பிறகு ஏன் ஒருவர்கூட இல்லை? ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் செஸ் கதை

#1 கறுப்புக்காய்

எல்லோருக்கும் வணக்கம். நேற்று ஆபீஸில் டீ குடிக்கும்போது கிளம்பிய வாதம் இது. இரண்டு பேர் சேர்ந்து உலக சாம்பியன்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். ஸ்டெய்னிட்ஸ், லாஸ்கர், கபாபிளாங்கா, அலெகின் என்று ஆரம்பித்து குகேஷ் வரை வந்தபோது ஒன்று உறைத்தது. ஸ்பானிஷ் பேசுகிற நாடுகள் இருபதாவது இருக்கும். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கபாபிளாங்கா. அவர் பட்டம் வாங்கியது 1921-இல் ஹவானாவில், இழந்தது 1927-இல் புவெனஸ் அயர்ஸில். கிடைத்ததும் போனதும் ஸ்பானிஷ் பேசும் ஊரில்தான். அதோடு கதை நின்றுவிட்டது.

தினமும் ருய் லோபஸ் என்பவர் பெயரில் உள்ள தொடக்கத்தை ஆடுகிறோம். அந்த மனிதர் ஸ்பெயின்காரர் என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் கிளப் அளவில் ஆடுகிறவன், வரலாறு படித்தவன் இல்லை. ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 டைம்டிரபிள்

ஃபுட்பால். இழையைப் பூட்டிவிடலாம்.

#3 பழையபலகை

டைம்டிரபிள் தம்பி, அதைச் சொன்னால் பிரேசிலுக்கும் இத்தாலிக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். கொஞ்சம் பொறுங்கள்.

கறுப்புக்காய், சாம்பியன் கணக்கை ஒரு நிமிடம் ஓரமாக வையுங்கள். நாம் இன்றைக்கு ஆடுகிற செஸ் அப்படியே ஸ்பெயின் மண்ணில் உருவம் பிடித்ததுதான். அதைப் பேசாமல் உங்கள் கேள்விக்குப் போனால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அரபுகள் வழியாக ஆட்டம் அங்கே போனது. ‘அஷ் ஷத்ரஞ்ச்’ என்பது மருவித்தான் ஸ்பானிஷில் ‘அஹெத்ரெஸ்’. நம் சதுரங்கம் என்ற சொல்லின் கொள்ளுப்பேரன் அது. கிறிஸ்தவர் பகுதியில் கி.பி. 1010-ஐ ஒட்டியே உர்ஹெல் பிரபு ஒருவர் தன் உயிலில் செஸ் காய்களை ஒரு கோவிலுக்கு எழுதி வைத்திருக்கிறார். நிலபுலன் எழுதும் உயிலில் செஸ் காய்!

அப்புறம் பத்தாம் அல்ஃபோன்ஸோ. கஸ்தீல் அரசர். 1283-இல் செவீயா நகரத்தில் அவர் எழுதுவித்த விளையாட்டு நூல் இன்றும் எஸ்கோரியல் மடத்து நூலகத்தில் இருக்கிறது. சதுரங்கம், பகடை, தாயம் போன்ற பலகை ஆட்டம் என்று மூன்று வகையும் அதில் உண்டு. செஸ் புதிர்கள் மட்டும் 103. படங்களைப் பார்த்தால் முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர், பெண்கள், எல்லோரும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நூல் தொடங்குவதே இந்தியாவில் ஒரு ராஜா இருந்தான் என்றுதான். அவன் சபையில் மூன்று அறிஞர்கள். ஒருவர் அறிவுதான் பெரிது என்று சதுரங்கத்தைக் காட்டுகிறார். இன்னொருவர் அதிர்ஷ்டம்தான் என்று பகடையைக் காட்டுகிறார். மூன்றாமவர் இரண்டும் வேண்டும் என்று பலகை ஆட்டத்தைக் கொண்டுவருகிறார். தாயம் ஆடித் தோற்றவர்கள் எல்லோரும் இரண்டாமவர் பக்கம்தான் நிற்பார்கள்.

அது பழைய விதி. இன்றைய ராணி இடத்தில் நின்ற மந்திரி குறுக்கே ஒரு கட்டம்தான் நகர்வார். ஆட்டம் ஆமை வேகம். 1475 வாக்கில் வலென்சியாவில் மூன்று கவிஞர்கள் சேர்ந்து ஒரு கவிதை எழுதினார்கள். 64 பத்தி, ஒரு முழு செஸ் ஆட்டம், செவ்வாய் (மார்ஸ்), வெள்ளி (வீனஸ்) என்ற இரண்டு தெய்வங்களுக்கு நடுவே நடக்கும் காதல் போராக. அது கத்தலான் மொழியின் வலென்சிய வழக்கில் இருக்கிறது, கஸ்தீலியத்தில், அதாவது இன்று நாம் ஸ்பானிஷ் என்று சொல்வதில் இல்லை. அந்த ஆட்டத்தில்தான் ராணி முதன்முறையாகப் பலகை முழுக்கப் பாய்கிறாள். 1495-இல் அதே ஊரில் ஃபிரான்செஸ்க் விசென்ட் என்பவர் 100 புதிர்களோடு ஒரு புத்தகம் அச்சிட்டார். அதில் ஒரு பிரதிகூட இன்று இல்லை. கடைசியாக இருந்ததாகச் சொல்லப்படும் பிரதி மொன்செராத் மடத்தில் இருந்தது, நெப்போலியன் படை 1811-இல் மடத்தைச் சூறையாடியபோது போய்விட்டது. கிடைத்திருப்பதில் பழைய அச்சுப் புத்தகம் லுசேனாவுடையது, சலமாங்கா, 1497 வாக்கில். எதிராளி கண்ணில் வெயில் படுகிற மாதிரி பலகையைப் போடு என்று அறிவுரை சொன்ன மகானுபாவர் அவர்தான்.

ஒரு திருத்தம். ‘லுசேனா நிலை’ என்று எண்ட்கேம் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்) புத்தகங்களில் படிக்கிறோமே, அது லுசேனா புத்தகத்தில் இல்லை. 1634-இல் சால்வியோ என்ற இத்தாலியர் போட்டது. பெயர் மட்டும் மாறி ஒட்டிக்கொண்டது.

#4 மாட்ரிட்வாசி

பழையபலகை ஐயா எழுதியதற்கு நடைமுறைச் சாட்சி சொல்கிறேன். நான் ஒன்பது வருடமாக மாட்ரிட் பக்கம் இருக்கிறேன். சனிக்கிழமை மாலையில் தெருமுனை பார் ஒன்றில் பெரியவர்கள் நாலைந்து பேர் ஆடுவார்கள். முதல் நாள் அவர்களோடு உட்கார்ந்தபோது நடந்தது இது. எதிரில் இருந்தவர் என் பிஷப்பைக் காட்டி ‘அல்ஃபில்’ என்றார். நான் என் யானையைத் தொட்டேன். அவர் தலையை ஆட்டி மறுபடியும் பிஷப்பைக் காட்டினார்.

விஷயம் என்னவென்றால் அரபியில் ‘அல் ஃபில்’ என்றால் யானை. பழைய ஆட்டத்தில் அந்த இடத்தில் நின்றது யானைதான். குறுக்கே இரண்டு கட்டம் தாண்டிக் குதிக்கும். ஆட்டம் மாறி, காயின் உருவம் மாறி, நடை மாறியும் ஸ்பானிஷில் பெயர் மட்டும் யானையாகவே நிற்கிறது. அங்கே யாருக்கும் அது யானை என்று தெரியவும் தெரியாது. நாம் மூலையில் நிற்பதை யானை என்கிறோம், அவர்கள் ‘தோர்ரே’, கோபுரம் என்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பெரியவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் இதை விளக்கினேன். அவர் தன் காயைத் தூக்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, துதிக்கை எங்கே என்று கேட்டார்.

இன்னும் சில சொற்கள். செக் இல்லாமலே நகர்த்த வழியற்றுப் போகும் ஸ்டேல்மேட் ஆனால் ராஜா ‘அஹொகாதோ’, அதாவது மூச்சு முட்டிப் போனவர். டிராவுக்கு ‘தாப்லாஸ்’, பலகைகள் என்று அர்த்தம். காயைச் சரிசெய்யத் தொடும்போது ‘கொம்போங்கோ’ என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். சொல்லாமல் தொட்டு ஒரு ஆட்டம் தோற்றிருக்கிறேன். பெரியவர்கள் விட மாட்டார்கள்.

#5 சிப்பாய்64

ராணிக்குப் பலம் வந்தது இசபெல் அரசியால் என்று ஒரு வீடியோவில் பார்த்தேனே? பெண் ஆட்சிக்கு வந்ததால் பலகையிலும் பெண்ணுக்கு அதிகாரம் வந்ததாம்.

#6 பழையபலகை

அப்படி வாதிடுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, எனக்கு முழுதாக ஒப்பவில்லை. இசபெல் கஸ்தீலின் அரியணை ஏறியது 1474-இன் கடைசியில். வலென்சியக் கவிதை 1475 வாக்கில். வலென்சியா அவருடைய நாடே இல்லை, அரகோன் அரசுக்குக் கீழ் இருந்தது. கணவர் ஃபெர்னாந்தோவுக்கே அது 1479-இல்தான் கைக்கு வந்தது. ஒரே வருடத்தில் பக்கத்து நாட்டு அரசியைப் பார்த்து ஆட்ட விதியை மாற்றினார்கள் என்பது கொஞ்சம் அவசரமான கணக்கு. அவர் காலத்தில் அந்த விதி வேகமாகப் பரவ அவர் பெயர் உதவியிருக்கலாம். அதுவரை ஒத்துக்கொள்கிறேன்.

#7 சிப்பாய்64

சரி. இன்கா அரசர் அதவால்பா செஸ் ஆடித்தான் உயிரை விட்டார் என்பதும் அப்படித்தானா?

#8 பழையபலகை

அந்தக் கதைக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் ரிகார்தோ பால்மா என்ற லிமா எழுத்தாளர். கஹமார்காவில் சிறையிருந்த அதவால்பா, ஸ்பானியர்கள் ஆடுவதைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறார். ஒருநாள் எர்னாந்தோ தெ சோத்தோ குதிரையை நகர்த்தப்போக, ‘குதிரை வேண்டாம், யானை’ என்று (நம் யானை!) காதோடு சொல்கிறார். அதனால் தோற்ற ரிகெல்மே என்ற கஜானா அதிகாரி மனசில் வைத்துக்கொண்டு, மரண தண்டனை ஓட்டெடுப்பில் எதிராகப் போடுகிறார். 13-க்கு 11. ஒரு ஓட்டு மாறியிருந்தால் 12-க்கு 12.

கொலை நடந்தது 1533. பால்மா எழுதியது முந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்து. கதையாக ரசியுங்கள், தேர்வில் எழுதாதீர்கள்.

#9 கறுப்புக்காய்

இதெல்லாம் அருமை. ஆனால் ஐயா, என் கேள்வி அப்படியே நிற்கிறது. விதியையே செய்தவர்கள் ஏன் விட்டுவிட்டார்கள்?

#10 பழையபலகை

முதல் சறுக்கல் 1575-லேயே வந்துவிட்டது. ருய் லோபஸ் எக்ஸ்திரமதூரா பகுதியின் ஸாஃப்ரா ஊர்ப் பாதிரியார். 1560-இல் ரோமுக்குப் போனவர் அங்கே ஒரு போர்த்துகீசியர் எழுதிய செஸ் புத்தகத்தைப் பார்த்து, இது சரியில்லை என்று 1561-இல் தானே ஒன்று எழுதி அல்கலாவில் வெளியிட்டார். தொடக்கத்திலேயே ஒரு காயை விட்டுக்கொடுத்து ஆடுவதைக் குறிக்கும் ‘காம்பிட்’ என்ற சொல் செஸ்ஸுக்குள் வந்தது அவரால்தான். அவர் பெயரில் நாம் ஆடுவதை ஸ்பெயினில் ‘எஸ்பான்யோலா’ என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டாம் ஃபிலிப் அரசவையில் இத்தாலியர்கள் லியோனார்தோவும் பாவ்லோ போயியும் வந்து அவரைத் தோற்கடித்தார்கள். அதற்குப் பிறகு முன்னூறு வருடம் ஸ்பெயினைப் பற்றிச் செஸ் வரலாற்றில் பெரிதாகப் பேச்சில்லை. நேராக ஹவானாவுக்குப் போய்விடலாம்.

#11 எண்ட்கேம்பிரியன்

ஹவானா என்றதும் வந்துவிட்டேன். கபாபிளாங்கா என்ற மனிதர் பாலைவனத்தில் பூத்த பூ என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர் மார்ஃபி 1860-களில் இரண்டு தடவை ஹவானா போயிருக்கிறார். ஸ்டெய்னிட்ஸும் சிகோரினும் உலகப் பட்டத்துக்கு மோதியது அங்கேதான், 1889-இல் ஒருமுறை, 1892-இல் மறுபடியும். முதல் மோதல் நடந்தபோது கபாபிளாங்கா சில மாதக் கைக்குழந்தை. சர்க்கரைப் பணம் இருந்தது, கிளப் இருந்தது, வெளியூர் மாஸ்டர்களைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்க ஆள் இருந்தார்கள்.

நாலு வயதில் அப்பா ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா குதிரையைத் தப்பாக நகர்த்திவிட்டார். ஆட்டம் முடிந்ததும் பையன் சிரித்தான், நீ ஏமாற்றிவிட்டாய் என்றான். அப்பாவுக்குக் கோபம். சரி, உட்கார் என்று பலகையைப் போட, பையன் ஜெயித்துவிட்டான். அவரே எழுதியது இது. 12 வயதில் கியூபாவின் சிறந்த ஆட்டக்காரர் கோர்ஸோவை மேட்சில் தோற்கடித்தார். 1911-இல் சான் செபஸ்தியான் போட்டிக்குக் கூப்பிட்டபோது, இவனுக்கு என்ன தகுதி என்று பெர்ன்ஸ்டைன் ஆட்சேபித்தார். முதல் சுற்றிலேயே பெர்ன்ஸ்டைன் தோற்றார், அந்த ஆட்டத்துக்கு அழகுப் பரிசு வேறு. போட்டியையும் கபாபிளாங்காவே ஜெயித்தார்.

1921-இல் லாஸ்கரை 4 வெற்றி, 10 டிரா, தோல்வியே இல்லாமல் முடித்தார். 1916-இலிருந்து 1924 வரை எட்டு வருடம் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ரெட்டிதான் நியூயார்க்கில் அதை உடைத்தார்.

இதில் ஒரு வினை உண்டு. சாம்பியனைச் சவாலுக்கு அழைப்பவர் 10,000 டாலர் திரட்ட வேண்டும் என்று 1922-இல் விதி போட்டதே கபாபிளாங்காதான். அலெகினுக்காக அந்தப் பணத்தை ஏற்பாடு செய்தது புவெனஸ் அயர்ஸ் கிளப். அதுவரை கபாபிளாங்காவை ஒரு ஆட்டம்கூட ஜெயித்திராத அலெகின், 34 ஆட்டத்தில் 6 ஜெயித்து, 3 தோற்று, மீதி 25 டிரா செய்து பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். மறுமேட்ச் கேட்டபோது அதே 10,000 டாலரைக் காட்டினார். கடைசி வரை மறுமேட்ச் நடக்கவில்லை. தான் போட்ட பூட்டின் சாவி தன்னிடமே இல்லாமல் போனது.

#12 டைம்டிரபிள்

என் ஃபுட்பால் பதிலை வாபஸ் வாங்குகிறேன். நியூயார்க்கில்தானே இறந்தார்?

#13 எண்ட்கேம்பிரியன்

ஆமாம். 1942 மார்ச்சில் மன்ஹாட்டன் செஸ் கிளப்பில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர் சரிந்தார், மறுநாள் மருத்துவமனையில் போய்விட்டார். ஹவானா கொலோன் கல்லறையில் அவர் சமாதி மேல் பளிங்கில் ஒரு செஸ் ராஜா நிற்கிறார்.

#14 மாட்ரிட்வாசி

1939-ஐ யாரும் தொடவில்லையே. அர்ஜென்டினா கதை அங்கேதான் திரும்புகிறது.

புவெனஸ் அயர்ஸில் செஸ் ஒலிம்பியாட், அதாவது நாட்டு அணிகளின் போட்டி, பொலிதேயாமா தியேட்டரில். ஐரோப்பிய அணிகள் பல ஆண்ட்வெர்ப்பிலிருந்து பிரியாபோலிஸ் என்ற ஒரே கப்பலில் வந்தன. ஆகஸ்ட் 24-இல் போட்டி ஆரம்பம். செப்டம்பர் 1-இல் போர் ஆரம்பம். ஒரே அரங்கில் ஜெர்மன் அணியும் போலந்து அணியும் உட்கார்ந்திருக்கின்றன. இங்கிலாந்து அணி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. சில மோதல்களை ஆடாமலே 2-2 என்று எழுதிக்கொண்டார்கள். கடைசியில் ஜெர்மனி 36 புள்ளி, போலந்து 35½. அரைப் புள்ளி. கபாபிளாங்கா கியூபாவுக்காக முதல் பலகையில் தங்கம் வாங்கினார். ஆனால் பிரான்சோடு மோதும் நாளில், எதிரில் அலெகின் என்பதால், அவர் ஆட வரவில்லை.

போட்டி முடிந்து நிறையப் பேர் திரும்பிப் போகவில்லை. ஜெர்மன் அணி ஐந்து பேரும் தென் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்கள். போலந்தின் நஜ்டார்ஃப் தங்கினார். பெற்றோர், மனைவி, குழந்தை, சகோதரர்கள் எல்லோரும் போலந்தில் அழிந்தார்கள். உயிரோடு யாராவது இருந்து பத்திரிகையில் தன் பெயரைப் பார்க்க மாட்டார்களா என்றுதான் அவர் பலகையைப் பார்க்காமலே ஆடும் கண்கட்டு ஆட்டச் சாதனைகளுக்கு இறங்கினார். 1943-இல் ரொசாரியோவில் 40 பலகை. 1947-இல் சாவ் பாவ்லோவில் 45 பலகை: 39 வெற்றி, 4 டிரா, 2 தோல்வி. யாரும் எழுதவில்லை. மியெசிஸ்லாவ் என்ற பெயர் மிகெல் ஆனது, இன்ஷூரன்ஸ் விற்றுப் பணக்காரர் ஆனார்.

அதே அணியில் வந்த ஃபிரீத்மன், கோர்ரியெந்தேஸ் தெருவில் கஃபே ரெக்ஸின் செஸ் அறையை நடத்தினார். 1950, 52, 54 மூன்று ஒலிம்பியாடிலும் அர்ஜென்டினாவுக்கு வெள்ளி.

#15 கறுப்புக்காய்

அப்படியானால் அது கடன் வாங்கிய பொற்காலம் என்று சொல்லலாமா?

#16 மாட்ரிட்வாசி

அதை அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். புவெனஸ் அயர்ஸ் கிளப் 1905-லிருந்து இருக்கிறது. 1924-இல் பாரிஸில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தொடங்கியபோது அர்ஜென்டினாவின் ரொபர்தோ கிராவ் அங்கே இருந்தார். அவர் எழுதிய நாலு பாகப் பாடநூலில்தான் ஸ்பானிஷ் பேசும் பையன்கள் பல தலைமுறையாகப் படித்தார்கள். விதை அவர்களுடையது, மழை வெளியிலிருந்து வந்தது. பான்னோ அந்த ஊர்ப் பையன்தான், 1953-இல் உலக ஜூனியர் சாம்பியன்.

#17 எண்ட்கேம்பிரியன்

பான்னோ என்றால் 1955 கோதன்பர்க் நினைவுக்கு வராமல் இருக்குமா! சொல்லியே ஆக வேண்டும்.

இன்டர்ஸோனல், அதாவது உலகப் பட்டத்துக்கான தகுதிப் போட்டி. அர்ஜென்டினாக்காரர் மூன்று பேர்: நஜ்டார்ஃப், பான்னோ, பில்னிக். ஒரே சுற்றில் மூன்று பேருக்கும் கறுப்பு, எதிரில் மூன்று சோவியத் ஆட்டக்காரர்கள்: கெரெஸ், கெல்லர், ஸ்பாஸ்கி. மூன்று பேரும் சேர்ந்து ஒரு திட்டம் தயாரித்து வைத்திருந்தார்கள். நஜ்டார்ஃப் பெயரிலேயே உள்ள தொடக்க வகையான நஜ்டார்ஃப் வேரியேஷனில் எச்6 போட்டு பிஷப்பைத் துரத்துவது, அது எச்4 போனதும் ஜி5 என்று சிப்பாயைத் தள்ளுவது. வெள்ளை எஃப் சிப்பாயால் வெட்டட்டும், குதிரையை டி7-க்கு இழுத்துக்கொண்டு இ5 கட்டத்தைப் பிடித்துவிடலாம் என்று கணக்கு.

மூன்று பலகையிலும் ஒரே நிலை. அரங்கில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். கெல்லர் முதலில் யோசித்துக் கண்டுபிடித்தார்: குதிரையை இ6-இல் கொண்டுபோய்க் கொடு. வெட்டினால் ராணி எச்5 செக், ராஜா எஃப்8, அப்புறம் நிதானமாக பிஷப் பி5. அடுத்த பலகைகளில் கெரெஸும் ஸ்பாஸ்கியும் பார்த்துவிட்டு அதையே ஆடினார்கள். மூன்றும் தோல்வி. மூன்று மாதம் யோசித்தாலும் ஒரே வீட்டில் யோசித்தால் ஓட்டையும் ஒரே ஓட்டைதான்.

மூன்று வருடம் கழித்து கிளிகோரிச்சுக்கு எதிராக 15 வயது ஃபிஷர் இதே நிலையில் யானையை எச்7-இல் வைத்து டிரா செய்தார்.

#18 பழையபலகை

இவ்வளவு திறமை இருந்தும் ஏன் மேலே போகவில்லை என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் மெக்சிகோவின் கார்லோஸ் டோரே, யுகாத்தான் மேரிதா ஊர்க்காரர். 1925 மாஸ்கோவில் லாஸ்கருக்கு எதிராக ராணியை விட்டுக்கொடுத்து, யானையும் பிஷப்பும் மாற்றி மாற்றிச் செக் வைத்துக் காய்களை வாரிக்கொண்ட ஆட்டம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அப்போது வயது 20. அடுத்த வருடமே மனநலம் குலைந்து ஊர் திரும்பினார், பெரிய போட்டி எதுவும் பிறகு இல்லை. கிராண்ட்மாஸ்டர் பட்டம் 1977-இல் கௌரவமாகக் கொடுத்தார்கள். 1978-இல் இறந்தார்.

இன்னொருவர் மயோர்க்காவின் அர்துரோ போமார். 1944-இல் ஹிஹோன் போட்டியில், 12 வயதில், உலக சாம்பியன் அலெகினோடு நீண்ட ஆட்டம் ஆடி டிரா செய்தார். ஃபிராங்கோ ஆட்சி பையனை ஊர் ஊராகக் காட்டியது, பத்திரிகை முழுக்கப் படம். வளர்ந்ததும் மறந்துவிட்டார்கள். மாட்ரிட்டுக்குத் தெற்கே சியெம்போஸுவெலோஸில் தபால் ஆபீஸ் வேலை. 1962-இல் ஸ்டாக்ஹோம் இன்டர்ஸோனலுக்குச் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டுப் போனார். உதவிக்கு யாருமில்லை. ஃபிஷரோடு 77 நகர்த்தல் ஆடி டிரா செய்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் தபால் பிரித்தார்.

#19 அமைதிப்பிஷப்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஸ்டாக்ஹோம் 1962 என்றதும் எழுத வேண்டும்போல் இருக்கிறது.

அதே போட்டியில் நம் மானுவல் ஆரோன் ஆடினார். கடைசி இடம்தான். ஆனால் போர்டிஷையும் உல்மனையும் தோற்கடித்தார். ஆக போமாரும் ஆரோனும் ஒரே அரங்கில் ஆடிவிட்டு அவரவர் ஊருக்குத் திரும்பியவர்கள். போமார் ஊரில் அவருக்குக் கிடைத்தது தபால் மேசை. இங்கே ஆரோன் முன்னின்று சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் வந்தது. ஆனந்த் சின்ன வயதில் ஆடியது அங்கே. ஆரோன் ஆனந்தைவிடப் பெரிய ஆட்டக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்தவனுக்கு ஒரு மேசை போட்டுக்கொடுத்தார். கறுப்புக்காய் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

#20 டைம்டிரபிள்

அண்ணா, மேசை போட்டால் போதும் என்றால் கியூபாவுக்கு என்ன குறை? அங்கே அரசாங்கமே மேசை போட்டது. சே குவேரா அமைச்சராக இருந்துகொண்டே ஆடினார். 1962-இல் கபாபிளாங்கா நினைவுப் போட்டி தொடங்கியது, முதல் வருடம் ஜெயித்தவர் நஜ்டார்ஃப். 1965-இல் ஃபிஷருக்கு அமெரிக்க அரசு பயண அனுமதி தரவில்லை என்று, நியூயார்க்கில் மார்ஷல் கிளப்பில் உட்கார்ந்து டெலிடைப்பில் ஆடினார். ஹவானா பலகையில் அவருக்காகக் காய் நகர்த்தியவர் கபாபிளாங்காவின் மகன். 1966-இல் ஒலிம்பியாட், புரட்சிச் சதுக்கத்தில் ஒரே நேரத்தில் 6,840 பலகை போட்டு ஆடினார்கள். பள்ளிக்கூடத்தில் செஸ் வந்தது. கிராண்ட்மாஸ்டர்கள் வந்தார்கள். சாம்பியன் வரவில்லையே?

#21 அமைதிப்பிஷப்

நியாயமான அடி. யோசித்துவிட்டு வருகிறேன்.

#22 எண்ட்கேம்பிரியன்

கியூபாவுக்குச் சாப்பாட்டுக் கணக்கு வந்துவிட்டது தம்பி. சோவியத் உதவி நின்றபிறகு 90-களில் பலகை இருந்தது, ஐரோப்பாவுக்கு விமான டிக்கெட் இல்லை. லெய்னியர் தொமிங்கெஸ் 2008-இல் உலக பிளிட்ஸ் (அதிவேக செஸ்) சாம்பியன். பத்து வருடம் கழித்து அமெரிக்கக் கொடிக்கு மாறினார். பெருவின் ஹூலியோ கிராந்தா கமனா ஊரில் விவசாயம் பார்த்துக்கொண்டே ஆடியவர், 2017-இல் 50 வயதுக்கு மேற்பட்டோர் உலக சாம்பியன். நல்ல பயிற்சியாளரும் பணமும் 20 வயதில் கிடைத்திருந்தால் என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

#23 மாட்ரிட்வாசி

ஸ்பெயின் பக்கம் வேறு மாதிரி. அங்கே பணம் போட்டியாக வந்தது, ஆட்டக்காரனாக வரவில்லை. ஹாயென் மாகாணத்தில் லினாரெஸ் என்று ஈயச் சுரங்க ஊர். லூயிஸ் ரென்தெரோ என்ற ஹோட்டல்காரர் 1978-இல் ஒரு போட்டி தொடங்கினார். உலகத்தின் பெரிய ஆட்டக்காரர் எல்லோரும் அந்தச் சின்ன ஊருக்கு வருடா வருடம் வந்தார்கள். 2010 வரை நடந்தது. ஆனந்த் 1998, 2007, 2008 மூன்று தடவை ஜெயித்தார். கடைசி இரண்டு தடவை முதல் பாதி மெக்சிகோவின் மொரேலியாவில். 2007-இல் உலகப் பட்டம் வாங்கியதும் மெக்சிகோ சிட்டியில்தான். பல வருடம் அவர் குடியிருந்ததும் மாட்ரிட் மலையடிவாரத்தில் கொல்யாதோ மெதியானோ என்ற ஊரில். ஐரோப்பியப் போட்டிகளுக்கு அங்கிருந்து போவது சுலபம். நம்மூர்க்காரருக்குப் பயன்பட்ட அந்த வசதி உள்ளூர்க்காரருக்குப் பயன்படவில்லை.

செவீயாவில் 1987-இல் காஸ்பரோவ் கடைசி ஆட்டத்தை ஜெயித்து 12-12 என்று பட்டத்தைக் காப்பாற்றியதை ஸ்பெயின் டிவி நேரடியாகக் காட்டியது. அல்ஃபோன்ஸோ நூல் எழுதி முடித்த அதே செவீயா. 704 வருட இடைவெளி.

#24 அமைதிப்பிஷப்

யோசித்துவிட்டேன். டைம்டிரபிள் சொன்னது சரி, மேசை மட்டும் போதாது. கியூபாவில் மேசை இருந்தது, டிக்கெட் இல்லை. ஸ்பெயினில் டிக்கெட்டே வேண்டாம், எல்லோரும் வீட்டு வாசலுக்கே வந்தார்கள், ஆனால் போமார் மாதிரிப் பையனுக்கு மேசை இல்லை. அர்ஜென்டினாவில் இரண்டும் பத்துப் பதினைந்து வருடம் ஒன்றாக இருந்தது, வெள்ளி வந்தது. அந்தப் பதினைந்தும் முப்பது ஆகியிருந்தால் என்னவோ. இப்போதைக்கு இவ்வளவுதான் என் கணக்கு.

#25 சிப்பாய்64

அர்ஜென்டினாவின் ஃபாவுஸ்தீனோ ஓரோவை விட்டுவிட்டீர்களே. 2013-இல் பிறந்தவன், ஊரடங்கு காலத்தில் கற்றுக்கொண்டு 2024-இல் 10 வயதில் இன்டர்நேஷனல் மாஸ்டர். அப்போது அது உலக சாதனை.

#26 பழையபலகை

பார்ப்போம். 12 வயதில் போமாரையும் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். பையன் குடும்பம் ஸ்பெயினுக்கு வந்துவிட்டது என்பது நல்ல செய்தி. மேசை, டிக்கெட் இரண்டும் கையெட்டும் தூரத்தில்.

#27 மாட்ரிட்வாசி

இழை நீண்டுவிட்டது, ஆனாலும் ஒன்று. மாட்ரிட் பொறியியல் கல்லூரி ஒன்றில் தோர்ரெஸ் கெவேதோவின் ‘அஹெத்ரெஸிஸ்தா’ இருக்கிறது. 1912-இல் செய்த இயந்திரம், 1914-இல் பாரிஸில் காட்டினார். பெட்டிக்குள் ஆள் ஒளிந்திருக்கும் பழைய மோசடி இல்லை, நிஜமாகவே தானாக ஆடும். வெள்ளை ராஜாவும் யானையும் இயந்திரத்துக்கு, கறுப்பு ராஜா மட்டும் உங்களுக்கு. எங்கிருந்து ஆரம்பித்தாலும் மேட் செய்துவிடும். தப்பான நகர்த்தல் செய்தால் விளக்கு எரியும். மூன்று தடவை தப்பு செய்தால் ஆடாது, நின்றுவிடும். பிறகு செய்த இரண்டாவது இயந்திரத்தில் பலகைக்கு அடியில் காந்தம் வைத்துக் காய்களை நகர்த்தினார்கள்.

செஸ் கம்ப்யூட்டர் கதையும் இங்கே ஆரம்பித்து வேறெங்கோதான் போனது, கறுப்புக்காய். உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#28 கறுப்புக்காய்

சேர்த்துக்கொண்டேன். ஒரு சந்தேகம். ராஜா, யானை எண்ட்கேமை எங்கள் கிளப் பையன்களே பதினாறு நகர்த்தலுக்குள் முடிக்கிறார்கள். இயந்திரம் எத்தனையில் முடிக்கும்?

#29 எண்ட்கேம்பிரியன்

அதற்கு அவசரம் கிடையாது. குறுக்கு வழி தேடாமல் தன் விதிப்படி நிதானமாக ஆடும். சில நிலைகளில் ஐம்பதைத் தாண்டிவிடும்.

#30 டைம்டிரபிள்

அப்போது ஐம்பது நகர்த்தல் விதியைச் சொல்லி டிரா கேட்டுவிடலாமே!

#31 மாட்ரிட்வாசி

கேளுங்கள். விளக்கு எரியும்.